கொல்லம் மெயில் போன பாதை

எங்கள் ஊர் இருக்கன்குடிக்கு ரயில் கிடையாது. பஸ் ஏறிச் சாத்தூர் போனால்தான் ரயில். வடக்கே விருதுநகர், மதுரை, சென்னை. தெற்கே கோவில்பட்டி, திருநெல்வேலி. 1876-ல் போட்ட பாதை அது. கரிசல் காட்டில் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். மேடு இல்லை, குகை இல்லை. ஜன்னல் சீட்டுக்கு நாங்கள் சண்டை போடுவதே காற்றுக்காகத்தான், காட்சிக்காக இல்லை.

ஆனால் விருதுநகரில் இருந்து மேற்கே பிரிகிற இன்னொரு பாதை இருக்கிறது. சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி, செங்கோட்டை என்று மலையடிவாரம் வரை போய், அப்புறம் மலைக்குள் நுழைந்து, புனலூர் வழியாகக் கொல்லத்துக்குப் போகும். அழகான ரயில் பயணங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் செங்கோட்டை–புனலூர் அதில் இருக்கும். பதிமூன்று கண் பாலத்தின் படமும் தவறாமல் இருக்கும். பட்டியல் போடுகிறவர்கள் சொல்லாமல் விடுகிற விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பாதையை யாரும் ரசிப்பதற்காகப் போடவில்லை. ஊட்டி ரயில் மாதிரி வெயிலுக்குத் தப்பி மலையேறுகிற ரயிலும் இல்லை அது. 1904-ல் இருந்து 1958 வரை, 54 வருடம், கொல்லத்துக்கு வெளியுலகத்தோடு இருந்த ஒரே ரயில் வாசல் அதுதான்.

எனக்கு இந்தப் பாதை மேல் ஆர்வம் வந்தது எங்கள் தாத்தாவால். அவர் சிவகாசியில் ஒரு அச்சகத்துக்குக் காலண்டர் ஆர்டர் பிடிக்கிற வேலை பார்த்தவர். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றுதான் அடுத்த வருடத்துக்கான காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். சாமி படம், குழந்தை படம், இயற்கைக் காட்சி எல்லாம் வைத்துத் தைத்த பெரிய ஆல்பம். அதைத் தூக்கிக்கொண்டு ஏஜெண்டுகள் ஆளுக்கொரு திசையாகக் கிளம்பிவிடுவார்கள். தாத்தாவுக்கு விழுந்த திசை கொல்லம். ராத்திரி சிவகாசி ஸ்டேஷனில் கொல்லம் மெயில் ஏறினால் விடிந்ததும் அங்கே நகைக்கடை, ஜவுளிக்கடை, முந்திரிப் பருப்பு வியாபாரி என்று ஏறி இறங்கலாம். ஆடி, ஆவணி என்றால் மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டுகிற நேரம். ஆல்பத்துக்கு ரெண்டு சுற்றுப் பாலிதீன் உறை, தாத்தாவுக்கு ஒரு குடை. தான் நனைந்தாலும் ஆல்பம் நனையக்கூடாது என்பது தொழில் தர்மம்.

இதில் ஒரு வேடிக்கை. சிவகாசிக்காரன் தன் ஊரில் செய்கிற முக்கியமான சரக்கை ரயிலில் கையோடு கொண்டுபோக முடியாது. 1989-ம் வருட ரயில்வே சட்டம் 164-வது பிரிவின்படி பட்டாசு மாதிரி ஆபத்தான பொருளைச் சட்டவிரோதமாக ரயிலில் கொண்டு வந்தால் 3 வருடம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெடிக்காத சரக்கு காலண்டர் ஒன்றுதான். "அதனாலதான் நான் காலண்டருக்கு வந்தேன்" என்பார் தாத்தா. அதை நான் நம்பவில்லை.

சரி, பாதையின் கதைக்கு வருவோம்.

1904-ம் வருட வரைபடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே சென்னை மாகாணம். மேற்கே மூலம் திருநாள் மகாராஜா ஆண்ட திருவிதாங்கூர் சமஸ்தானம். நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை. திருவிதாங்கூருக்குள் ஜனங்கள் போய்வந்தது பெரும்பாலும் காயல்களிலும் கால்வாய்களிலும் படகு வழியாக. கொல்லம் பழைய துறைமுகம், வியாபாரம் கொழித்த ஊர், ஆனால் ரயில் இல்லை. தமிழ்நாட்டுப் பக்கம் தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் மீட்டர் கேஜ் பாதை திருநெல்வேலிக்கு எப்போதோ வந்துவிட்டது. அதைக் கல்லிடைக்குறிச்சி, தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கு 1903-ல் கொண்டுவந்து சேர்த்தார்கள். மிச்சம் இருந்தது மலை.

மலை வேலை முடிவதற்குள் மறுபக்கம் கொல்லம்–புனலூர் சமவெளிப் பாதை தயாராகி, 1904 ஜூனில் அங்கே பயணிகள் ரயில் விட்டுவிட்டார்கள். எப்படி விட்டார்கள் என்பதுதான் கேள்வி. இந்தப் பக்கத்து எஞ்சின் அந்தப் பக்கம் போக நடுவில் தண்டவாளமே இல்லையே! எஞ்சினைப் பாகம் பாகமாகக் கழற்றித் தூத்துக்குடியில் கப்பல் ஏற்றி, குமரிமுனையைச் சுற்றிக் கொல்லம் துறைமுகத்தில் இறக்கி, மாட்டு வண்டியில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்ப் பூட்டினார்கள் என்று சொல்வார்கள். அதே வருடம் நவம்பர் 26-ல் புனலூர்–செங்கோட்டை மலைப்பாதையும் திறந்தது. நீளம் 49 கி.மீ.தான். அதற்குள் குகைகள், வளைவுகள், பள்ளத்தாக்குப் பாலங்கள். கழுதுருட்டி அருகே கருங்கல்லில் கட்டிய பதிமூன்று கண் பாலம் ஏறக்குறைய 100 மீட்டர் நீளம். ஆரியங்காவுக்கும் பகவதிபுரத்துக்கும் நடுவில் இருக்கும் குகை கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர்.

இப்போது அந்தக் குகைப் பக்கம்தான் தமிழ்நாடு–கேரள எல்லை. குகையே எல்லைக்கோடு மாதிரி தோன்றும். ஆனால் குகை வெட்டியவர்களுக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது. அன்றைக்குச் செங்கோட்டையும் திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோதுதான் அது சென்னை மாநிலத்துக்கு வந்தது. வாஞ்சிநாதன் கதையை இந்த வரைபடத்தோடு படித்தால் வேறு மாதிரி தெரியும். அவருக்குச் சொந்த ஊர் செங்கோட்டை. வேலை பார்த்தது புனலூரில், திருவிதாங்கூர் வனத்துறையில். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் இருந்தது இந்த 49 கி.மீ. 1911 ஜூன் 17 அன்று அவர் கலெக்டர் ஆஷைச் சுட்ட மணியாச்சியும் ரயில் சந்திப்புதான். கொல்லத்தில் இருந்து செங்கோட்டை, திருநெல்வேலி வழியாக வருகிறவர் சென்னைக்குப் போக மணியாச்சியைத் தொட்டுத்தான் போகவேண்டும். பள்ளிக்கூடத்தில் இதைத் தேசபக்திப் பாடமாக மட்டும் படித்தோம். ரயில்வே வரைபடத்தைப் பக்கத்தில் வைத்திருந்தால் இன்னும் நன்றாகப் புரிந்திருக்கும்.

கொல்லம் பாதை 1918-ல் திருவனந்தபுரம் வரை நீண்டது. அதுவரைக்கும் சென்னையில் இருந்து திருவனந்தபுரம் போகிறவர் கொல்லத்தில் ரயிலை விட்டு இறங்கிப் படகு பிடிக்கலாம். 1918-க்குப் பிறகு நேராக ரயில். ஆக, சமஸ்தானத்துத் தலைநகரத்துக்கே செங்கோட்டைக் குகை வழியாகத்தான் ரயில் போனது. எர்ணாகுளத்தில் இருந்து கோட்டயம் வழியாகக் கொல்லத்துக்குப் பாதை வந்து சேர்ந்தது 1958-ல். அதுவரை திருவனந்தபுரத்துக்காரர் டெல்லிக்கு ரயிலில் போகவேண்டும் என்றாலும் முதலில் தென்காசிக்கு வந்தாகவேண்டும்!

எங்கள் பக்கத்துக்கு இந்தப் பாதை வந்த கதை இதைவிட எனக்குப் பிடிக்கும். ஆரம்பத்தில் சிவகாசிக்கு ரயிலே இல்லை. 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். 1927-ல் விருதுநகர்–தென்காசி பாதை திறக்கிறது. நாலே வருட இடைவெளி. சென்னையில் இருந்து கொல்லம் போகிற வண்டி மணியாச்சி, திருநெல்வேலி என்று சுற்றாமல் சிவகாசி வழியாகக் குறுக்கே போக வழி பிறந்தது. தீப்பெட்டிக்காக ரயில் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வந்த நேரம் சரியான நேரம்.

இங்கே மழையைப் பற்றி ஒரு வார்த்தை. தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிட்டு, நம் பக்கம் வரும்போது வெறும் காற்றாக வரும். இருக்கன்குடி மாரியம்மன் கோயில் இருப்பது அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடத்தில். வைப்பாறு பிறப்பதும் அதே மலைத்தொடரில்தான். ஆனால் வருடத்தில் பாதி நாள் எங்கள் ஆற்றில் மணல்தான் ஓடும். ஆடிக் கடைசி வெள்ளிக்கு வருகிற கூட்டமே ஆற்று மணலில்தான் தங்கிப் பொங்கல் வைக்கும். இந்தக் காய்ச்சல் விவசாயத்துக்குச் சாபம், தீக்குச்சியும் பட்டாசும் காயவைப்பதற்கு வரம். ஆனால் குச்சி செய்ய மரம் வேண்டுமே! அதற்கேற்ற மென்மரம் மழை பெய்கிற பக்கம்தான் வளரும். இன்றைக்கும் நம் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களுக்குக் கேரளத்தில் இருந்து குச்சி வருகிறது. மழை அங்கே நின்றுகொண்டதால் மரம் அங்கே, வெயில் இங்கே. நடுவில் ஒரு மலை. அந்த மலையில் ஓட்டை போட்டு ஒரு ரயில். வணிகவியல் படிக்கிறவன் கண்ணுக்கு இதைவிட அழகான இயற்கைக் காட்சி வேண்டியதில்லை.

அப்புறம் சரிவு காலம். 1976-ல் எர்ணாகுளம்–திருவனந்தபுரம் பாதை அகல ரயில் பாதையாக மாறியது. 1981-ல் திருநெல்வேலி–நாகர்கோவில் பாதை முடிந்து, திருவனந்தபுரத்துக்குத் தெற்கு வழியாகவும் அகலப் பாதை வந்தது. ஒரு காலத்தில் ஒரே வாசலாக இருந்த செங்கோட்டைப் பாதை கொல்லைப்புற வாசல் ஆனது. மீட்டர் கேஜில் தண்டவாளங்களுக்கு நடுவே 1000 மி.மீ. அகலப் பாதையில் 1676 மி.மீ. வித்தியாசம் இரண்டேகால் அடிதான், ஆனால் ஒன்றின் பெட்டி மற்றதில் ஓடாது. சரக்கானாலும் ஆளானாலும் இறங்கி ஏறவேண்டும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் கூலி, நேரம், சேதாரம். 1992-ல் நாடு முழுக்க ஒரே கேஜ் என்று ரயில்வே திட்டம் போட்டது இதனால்தான். திட்டம் சரியானது. நான் குறை சொல்வது அது நடந்த விதத்தை.

ஏனென்றால் பாதையை மொத்தமாக மாற்றவில்லை, துண்டு துண்டாக மாற்றினார்கள். முதலில் சென்னை–மதுரைப் பக்கம் மாறியது, பழைய கொல்லம் மெயில் நின்றுபோனது. பிறகு விருதுநகர்–செங்கோட்டை அகலமானது. செங்கோட்டை–கொல்லம் மட்டும் மீட்டர் கேஜாகவே மிஞ்சியது. 2007-ல் கொல்லம்–புனலூரை மூடினார்கள். மலைப்பாதை ரெண்டு பக்கமும் ஒட்டு இல்லாமல் நடுவில் தனியாக ஓடியது. ஒரே ராத்திரியில் ஒரே பலகையில் படுத்துக்கொண்டு போன பயணம் தாத்தாவுக்கு இப்படி ஆனது: சிவகாசியில் இருந்து செங்கோட்டைக்கு ஒரு ரயில், அங்கே இறங்கி மீட்டர் கேஜ் ரயிலில் புனலூர், அங்கே இறங்கிக் கொல்லத்துக்குப் பஸ். "மூணு வண்டி மாறணும்யா. ஆல்பத்த நான் தூக்குறனா, ஆல்பம் என்னத் தூக்குதான்னு தெரியாது" என்பார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 2008-ம் வருட ஆடிப்பெருக்கோடு கொல்லம் போவதை விட்டுவிட்டார். பாடப்புத்தகத்தில் கேஜ் மாறுமிடச் செலவு என்று ஒரு வரி வரும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது பாலிதீன் சுற்றிய அந்த ஆல்பம்தான்.

2010 செப்டம்பரில் புனலூர்–செங்கோட்டையும் மூடியது. திறந்தது 2018-ல். 49 கி.மீ. தூரத்துக்கு எட்டு வருடம்! அசல் பாதையை மண்வெட்டியும் கடப்பாரையும் வைத்திருந்த காலத்தில் போட்டவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அது நியாயமில்லை. ஓடிப் பழகிய குகைகளையும் வளைவுகளையும் பெரிய வண்டிக்கு ஏற்ப மாற்றுவது புதிதாகப் போடுவதைவிடச் சள்ளை பிடித்த வேலை. பதிமூன்று கண் பாலத்தை இடிக்காமல் பலப்படுத்தியே அகல ரயிலையும் ஓட்டுகிறார்கள், அதற்காகவே கை தட்டலாம். இத்தனை பணம் போட்டு இந்த மலைப்பாதை லாபம் கொடுக்குமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 49 கி.மீ.க்கு மட்டும் தனிக் கணக்கு எழுதினால் அப்படித்தான் கேட்கத் தோன்றும். நடுத்துண்டு அறுந்தபோது ரெண்டு பக்கமும் போன வியாபாரத்தை அந்தக் கணக்கின் எந்தப் பத்தியில் எழுதுவது?

2019-ல் சென்னை எழும்பூரில் இருந்து கொல்லத்துக்குத் தினசரி எக்ஸ்பிரஸ் விட்டார்கள். அந்த ஆடியில் நானும் அம்மாவும் சித்தியும் அதில் போனோம். ஸ்லீப்பர் டிக்கெட். ஏசியில் போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: ஏசிப் பெட்டிக் கண்ணாடி திறக்காது, அதன் வழியாகப் பார்த்தால் மலையும் பழுப்பாகத்தான் தெரியும். ஸ்லீப்பரில் ஷட்டரைத் தூக்கிவிட்டால் கம்பிக்கு அந்தப் பக்கம் நேராகக் காடு, மூக்கில் ஈர மண் வாசனை. இந்த ஸ்லீப்பருக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஜனங்கள் படுகிற பாட்டை 1917-லேயே காந்தி எழுதினார். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் போனது 1974-ல். பெயர்தான் போனது, மரப்பலகை போகவில்லை. 1977-ல் ரயில்வே மந்திரியான மது தண்டவதே வந்துதான் இரண்டாம் வகுப்புப் படுக்கைக்கு இரண்டங்குல மெத்தை போடவைத்தார். தாத்தா பலகையிலும் படுத்திருக்கிறார், மெத்தையிலும் படுத்திருக்கிறார். பலகையில்தான் தூக்கம் நன்றாக வந்தது என்பார். (அப்போது வயது குறைவு, வேறென்ன!)

போகும்போது ஏமாற்றம். சிவகாசியில் வண்டி ஏறியது நள்ளிரவு தாண்டி. செங்கோட்டை வந்தபோதும் இருட்டு. குகைக்குள் போனதே சத்தம் மாறியதை வைத்துத்தான் தெரிந்தது. நடுப் படுக்கையைக் காலை 6 மணிவரை மடக்கக்கூடாது என்பது விதி என்பதால் உட்கார்ந்து பார்க்கவும் வழியில்லை. கதவோரம் போய் நின்றால் கறுப்பாக ஏதோ நகர்ந்தது. தென்மலை தாண்டித்தான் பச்சை என்று ஒரு நிறம் இருப்பதே தெரிய ஆரம்பித்தது.

திரும்பி வந்தது பகலில். அந்த 49 கிலோமீட்டரை நான் பார்த்தது அப்போதுதான். புனலூரில் வண்டிக்குப் பின்னாலும் ஒரு எஞ்சின் மாட்டினார்கள். 1877-ல் கட்டிய தொங்கு பாலம் அந்த ஊரில்தான் இருக்கிறது, ஸ்டேஷனில் இருந்து தெரியவில்லை. இடமண் தாண்டியதும் வண்டியின் வேகம் அப்படியே இறங்கியது. மலையில் அவசரமே கிடையாது, சைக்கிள்காரன் முந்திவிடுவான் போலிருந்தது. வளைவு வரும்போதெல்லாம் நம் வண்டியின் தலையும் வாலும் ஒரே ஜன்னலில் தெரிகிறது. ஒற்றைக்கல், தென்மலை, இடப்பாளையம் எல்லாம் காட்டுக்குள் ஒளித்துவைத்த மாதிரி சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். ரப்பர் தோட்டம், தேக்கு, கீழே ஓடை, மறுபடி ரப்பர். மழை சாரலாக ஜன்னலுக்குள் வந்தது. எதிர் சீட்டுப் பெரியவர் ஒருவர் ஷட்டரை இறக்கச் சொன்னார். சித்தி முடியாது என்றுவிட்டாள்.

பதிமூன்று கண் பாலம் வருகிறது என்று பெட்டி முழுக்க ஒரே பரபரப்பு. செல்போனை நீட்டிக்கொண்டு எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தோம். கீழே ரோடு தெரிந்தது, ரோட்டில் ஒரு லாரியும் வேனும் தெரிந்தன, வேனில் இருந்து இறங்கி நின்று எங்களைப் படம் எடுக்கிறவர்களும் தெரிந்தார்கள். பாலம் தெரியவில்லை. அது எங்கள் காலுக்குக் கீழே அல்லவா இருக்கிறது! படங்களில் பார்க்கிற காட்சியெல்லாம் ரோட்டில் நிற்பவர்களுக்கு.

ஆரியங்காவு தாண்டி குகைக்குள் நுழையும்போது வெளியே மழை. விளக்கு எரிந்தது, பிள்ளைகள் கத்தினார்கள், எதிரொலி கேட்டது. குகை முடிந்து வெளியே வந்தால் பகவதிபுரம் பக்கம் சுத்தமாக மழை இல்லை. சாரல் காற்று கொஞ்ச தூரம் கூட வந்தது. தென்காசி தாண்டியதும் அதுவும் நின்றுவிட்டது. சங்கரன்கோவிலில் வெயில், ராஜபாளையத்தில் புழுதி. சிவகாசியில் இறங்கும்போது என் சட்டை காய்ந்து மொடமொடவென்று இருந்தது.

வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் கொல்லத்து முந்திரிப் பருப்புப் பொட்டலத்தைக் கொடுத்தேன். வாங்கித் திண்ணையில் வைத்துக்கொண்டாரே தவிரப் பிரிக்கவில்லை.

"பின்னாடி எஞ்சின் மாட்டுனாங்களா?"

"மாட்டுனாங்க தாத்தா. புனலூர்ல."

"எந்த இடத்துலயாச்சும் வண்டி மாறச் சொன்னாங்களா?"

"இல்ல. ஒரே வண்டிதான்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "ஏய்யா, குகைக்கு அங்கிட்டு மழை பெஞ்சுச்சா?"

"பெஞ்சுச்சு தாத்தா."